வெள்ளை ஸ்பெஷல்

என் அண்ணாவின் இடது கால் இப்போது அவர் சொல்லைக் கேட்பதில்லை. முகத்துவாரத்தில் அவர் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தூரத்தை இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறித்தான் கடக்கிறார். இருபத்தைந்து வருடம் கடலுக்கடியில் திரிந்த மனிதர். அவர் சுழியோடி, முருகைக்கற்கள் என்கிற பவளப்பாறைகளுக்கிடையில் வாழும் அலங்கார மீன்களைப் பிடித்தவர். நான் அந்த மீன்களைத் தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் இடத்தில் வேலை செய்கிறேன். அந்தக் காலுக்கு நடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல எனக்குப் பத்து மாதம் பிடித்தது.

நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்கள். கலியாணம் செய்து நான் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன், அண்ணா படகுகளுக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று முகத்துவாரத்துக்குப் போனார். நான் வேலை செய்யும் இடம் இரத்மலானையில், விமான ஓடுபாதைக்குப் பின்னால் உள்ள ஒரு தகரக்கூரைக் கட்டடம். உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். காலையில் ரயில் கோச்சியில் ஏறினால் ஜன்னலோரம் முழுக்கக் கடல்தான். அந்தக் கடலிலிருந்து பிடித்ததை ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் அடைத்து ஆகாயத்தில் அனுப்புவது என் தொழில் என்பதை அப்போதெல்லாம் நான் யோசித்துப் பார்த்ததில்லை. இடம் கிடைத்தால் தூங்குவேன்.

மீன் பொதி செய்வதைச் சும்மா நினைக்கக்கூடாது. அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் பையிலேயே கழிந்து, அந்தத் தண்ணீரிலேயே செத்துப்போகும். பொலித்தீன் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஒக்சிஜன். கழுத்தை முறுக்கி, மடித்து, இரண்டு இறப்பர் பட்டி. அதற்கு முன்னால் ஒவ்வொரு பையையும் குழல் விளக்கின் கீழ் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது நான். செட்டை கிழிந்திருக்கிறதா, மூச்சு அதிகமாக வாங்குகிறதா, நிறம் மங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். "மிஸ்ஸுட கண்ணுக்குத் தப்பாது" என்று முதலாளி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். எனக்கும் அந்தப் பெருமை தலைக்கேறித்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அண்ணா கொண்டுவருவதில் எனக்குப் பிடித்தது கடல் பூக்கள். பட்டியலில் அவற்றுக்கு அனிமோன் என்று பெயர். பூ இல்லை, உயிர்ப்பிராணி. பாறையில் காலை ஊன்றிக்கொண்டு விரல்களை விரித்து நிற்கும், கோமாளி மீன்கள் அதற்குள் ஒளிந்து விளையாடும். மண்நிறமாக, தேயிலைச் சாயம் போல இருக்கும். அண்ணாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாளியை என் முன்னால் வைத்ததும் ஒரு விரலை உள்ளே விடுவார். பூ உடனே அந்த விரலைப் பிடித்துக்கொள்ளும். "பார் தங்கச்சி, விடமாட்டாளாம்" என்று சிரிப்பார். வருடக்கணக்காக அதே பகிடி. வருடக்கணக்காக நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பேன்.

போன வருடம் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொஞ்ச நாள் முன்பு அவர் ஒரு வாளியோடு வந்தார். அந்த ஏப்ரலின் வெக்கையைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் மாடிவீட்டில் சுவரைத் தொட்டால் சுட்டது. அண்ணாவின் முகமே கறுத்திருந்தது.

"தண்ணி சுடுது தங்கச்சி," என்றார். "கீழ போனாக் குளிரும் தானே? இப்ப கீழயும் சூடு. முருகைக்கல்லெல்லாம் வெளுத்துப்போய்க் கிடக்கு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

நான் அதைக் கேட்டேனா என்றால், காதில் விழுந்தது. ஆனால் என் கண் வாளிக்குள் போய்விட்டது. உள்ளே நான்கு கடல் பூக்கள், தூய வெள்ளையில். விரல் நுனிகளில் மட்டும் மெல்லிய இளஞ்சிவப்பு. அப்படி ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. "ஐயோ, என்ன வடிவு!" என்று கத்தியேவிட்டேன். அடுத்த தொட்டியில் வேலை செய்த பெண்கள் ஓடிவந்தார்கள். நான் கைகொட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன், நாற்பத்தைந்து வயதுப் பொம்பிளை.

அண்ணா அன்றைக்கும் விரலை உள்ளே விட்டார். பகிடி எதுவும் சொல்லவில்லை. விரலை எடுத்துப் பார்த்தார், சாரத்தில் துடைத்துக்கொண்டார். எனக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்போது கவனிக்க நேரமில்லை.

முதலாளி வெள்ளவத்தையில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்காரர், நல்ல மனிதர். வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லா, ஷோக்கா ஈக்கே மிஸ்! இது புது இனமா?" என்றார்.

"அபூர்வமானது," என்றேன் நான். எங்கிருந்து வந்ததோ அந்தச் சொல். தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. அன்றைக்கே ஒட்டுநாடாவை வெட்டி, என் கையாலேயே 'வெள்ளை ஸ்பெஷல்' என்று எழுதித் தொட்டியில் ஒட்டினேன். மறுநாள் அது பட்டியலிலும் ஏறியது. சாதாரணப் பூவுக்கு மேலே ஒரு வரி, அதுவும் நான் வைத்த பெயரில். வெளிநாட்டுக்காரர் படத்தைப் பார்த்த அன்றைக்கே எல்லாவற்றையும் கேட்டார்கள். இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டார்கள்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து நாங்கள் திறந்த வாரத்தில், தொட்டிகளைப் பரிசோதிக்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். சின்னப் பிள்ளை, என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். குறிப்புப் புத்தகத்தோடு ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் வெள்ளைப் பூக்களுக்கு முன்னால் நின்றுவிட்டார். நான் பெருமையாக, "லஸ்ஸனய் நேத?" என்று சிங்களத்தில் கேட்டேன், அழகாக இருக்கிறதுதானே என்று.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மே ஒக்கொம அசனீபய், மிஸ்," என்றார். இதெல்லாம் சுகமில்லாதவை.

பிறகு ஆறுதலாக விளக்கினார். இந்தப் பிராணிகளின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைத்து இவற்றுக்குச் சாப்பாடு போடுவது அதுதான். மண்நிறமும் அந்தப் பாசியின் நிறம்தான். முருகைக்கல்லும் அப்படியே, அதுவும் உயிர்ப்பிராணிதான். கடல் அளவுக்கு மேல் சூடானால் பாசி வெளியேறிவிடும், அல்லது இவையே வெளியேற்றிவிடும். மிஞ்சுவது வெறும் வெள்ளை. அதன் பிறகு பட்டினிதான். கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், குளிராவிட்டால் சாகும்.

"யார் கடலைச் சூடாக்கினது?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன், என் வெள்ளையை அசனீபம் என்று சொல்லிவிட்டாரே என்று.

"நாங்கள்தான்," என்றார். "நிலக்கரி, எண்ணெய், வாகனம், விமானம், எல்லாத்துட புகையும். நாங்கள் கொஞ்சம், தூரத்து நாடுகள் நிறைய." கூரைக்கு மேலே ஒரு சின்ன விமானம் இறங்கியது. அவர் எதையோ எழுதிக்கொண்டு, இந்த இனத்தைத் தடுக்கத் தன்னிடம் சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நான் செய்திருக்கவேண்டியது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாடாவைக் கிழித்திருக்கவேண்டும், முதலாளியிடம் சொல்லியிருக்கவேண்டும், அண்ணாவிடம் சொல்லியிருக்கவேண்டும். மூன்றையும் செய்யவில்லை. நோய்க்கு அபூர்வம் என்று பெயர் வைத்தவள் நான். கண்ணுக்குத் தப்பாது என்று பெயரெடுத்த கண் என்னுடையது. பழுதான மீனைத் தொட்டியின் அடுத்த மூலையில் நின்றே கண்டுபிடிக்கிறவள், பட்டினியில் வெளுத்த ஒன்றை வடிவு என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வெறும் வெட்கம்தான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் வெளிநாட்டுக்காரர் இன்னும் கேட்டு எழுதினார்கள். அண்ணா வெறும் வாளியோடு வந்தார்.

"மேல ஒண்டும் இல்ல," என்றார். "வெளுத்ததெல்லாம் இப்ப சளி பிடிச்ச மாதிரி வழுவழுப்பா இருக்கு. மீனும் போயிட்டுது. நான் பழகின இடம் எண்டே தெரியேல்ல. இனிக் கீழ போய்த்தான் பார்க்கவேணும்."

"பார்த்துப் போங்க அண்ணா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கடல் மூடமுந்தி வெள்ளை கிடைச்சா விடாதீங்க," என்றும் சொன்னேன். மே மாதத்தில் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் இறங்க முடியாது. அதைத்தான் நான் கடல் மூடுவது என்றேன். அந்த வசனத்தை நான் சொன்ன தொனிகூட ஞாபகம் இருக்கிறது. கடையில் மறக்காமல் சீனி வாங்கிவரச் சொல்வது போலச் சொன்னேன்.

ஐந்து நாள் கழித்து அவர் ஆழத்தில் இறங்கினார். ஒரே நாளில் ஐந்து சிலிண்டர் காற்று. ஆழத்தில் அதிக நேரம் இருந்தால் காற்று இரத்தத்தில் கரைந்துவிடும். நிறுத்தி நிறுத்தி மெல்ல ஏறாவிட்டால், திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள் குமிழி விடும். அண்ணாவுக்கு இது தெரியாததில்லை. கடைசிச் சிலிண்டரில் காற்று முடிந்துபோனதால் மெல்ல ஏற வழியில்லை. படகில் ஏறியபோது தோள் கடுத்ததாம். பிறகு கால் மரத்ததாம். மறுபடி கீழே இறக்கினால் சரியாகும் என்று படகில் இருந்தவர்கள் இறக்கியிருக்கிறார்கள். அது எல்லாச் சுழியோடிகளும் செய்கிற கைவைத்தியம். சரியாகவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு அண்ணாவின் மனைவி, என் மச்சாள், தொலைபேசியில் அழைத்தார். முதலாளி தன் வாகனத்தையே தந்தார். அந்தக் குமிழிகளைக் கரைக்கிற அழுத்த அறையுள்ள ஆஸ்பத்திரிக்கு அண்ணாவைக் கொண்டுபோயிருந்தார்கள். தடித்த இரும்பு அறைக்குள், சின்ன வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அண்ணா படுத்திருந்தார். நான் வாழ்நாளெல்லாம் உயிர்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவள். அன்றைக்கு என்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

அடுத்தது எழுதக் கூசுகிறது. மறுநாள் நான் வேலைக்குப் போனேன். விமானத்தில் இடம் பதிவாகியிருந்தது, பொதி செய்ய ஆள் போதாது. படகுக்காரர் அண்ணாவின் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே மூன்று வெள்ளைப் பூக்கள். குழல் விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். இரண்டைப் பொதி செய்தேன், ஒக்சிஜன் விட்டேன், இறப்பர் பட்டி போட்டேன். மூன்றாவதன் அடிக்கால் கிழிந்திருந்தது. அதை மட்டும் கழித்து மூலைத் தொட்டியில் விட்டேன். கிழிந்ததை அனுப்பக்கூடாது என்ற ஒழுங்கு மட்டும் அன்றைக்கும் என் கையில் தவறவில்லை.

பெட்டி வாகனத்தில் ஏறிய பிறகுதான் எல்லாம் ஒன்றுசேர்ந்து புரிந்தது. தூரத்து நாடுகளில் எண்ணெயை எரித்துக் கடலைச் சூடாக்குகிறார்கள். சூட்டில் பூ வெளுக்கிறது. வெளுத்ததை நாங்கள் ஸ்பெஷல் என்று இன்னும் எண்ணெய் எரித்து அவர்களுக்கே அனுப்புகிறோம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து இரண்டு வாரம் ரசிப்பார்கள், செத்துப்போனால் இன்னொன்று கேட்பார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் நாடாவில் இருந்த கையெழுத்து என்னுடையது. அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "அழிச்சிப் போடுங்க மிஸ்," என்றார். பட்டியலிலிருந்து அந்த வரி போனது. முதலாளியிடம் சொல்ல ஒரே நாளில் வாய் வந்தது, அண்ணாவிடம் சொல்ல வரவில்லை.

மூலைத் தொட்டிப் பூ சாகவில்லை. அந்த வரிசைக்கு நாங்கள் குளிரூட்டி போட்டிருந்தோம். விளக்கும் உண்டு. இறால் துண்டைப் பொடியாக நறுக்கி, சாமணத்தால் பிடித்து வாய்க்குக் கிட்டக் கொடுத்தேன். முதல் மாதங்களில் துப்பிவிடும். பிறகு எடுக்கத் தொடங்கியது. குளிரூட்டியின் மறுபக்கம் சூடான காற்றை ஒழுங்கைக்குத் தள்ளிக்கொண்டேயிருக்கும். அந்த வழியால் போகிற ஆட்கள் ஒதுங்கித்தான் நடப்பார்கள். ஒரு பூவைக் குளிர்விக்க இவ்வளவு சூட்டை எங்கேயோ கொட்டவேண்டியிருக்கிறது. கடலுக்கு யார் குளிரூட்டி போடுவது, அதன் சூட்டை எங்கே கொட்டுவது என்று நான் கேட்டுப் பார்த்ததுண்டு. பதில் சொல்ல அங்கே மீன்கள் மட்டும்தான் இருந்தன. மார்கழியில், அடியில் மெல்ல ஒரு மண்நிறம் தெரிந்தது. கண்ணாடி அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன். அழுக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துவாரத்துக்குப் போவேன். அண்ணா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இனி ஒருநாளும் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தாலும் ஒவ்வொரு முறையும், "மற்றப் பொடியன்மார் என்னவாம் சொல்றாங்கள்? எங்கட கல்லு எப்பிடியாம்?" என்று கேட்பார். அவர்கள் சொன்னது எனக்குத் தெரியும். செத்த கல்லை வேறு பாசி மூடிவிட்டது, பாதி இடிந்து கொட்டிக் கிடக்கிறது என்றார்கள். "நிறம் திரும்புதாம் அண்ணா," என்று நான் சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். மச்சாள் தேத்தண்ணி கொண்டுவருவார். நான் கண்ணைக் கோப்பைக்குள் வைத்துக்கொள்வேன்.

இந்த மார்ச்சில் இன்னொரு சுழியோடி வாளியோடு வந்தார். அண்ணாவோடு ஒரே படகில் போனவர். மூடியைத் திறந்தால் வெளிறிய பூ ஒன்று. இன்னும் முழு வெள்ளையில்லை, ஆனால் போகிற வழி தெரிந்தது. "வேண்டாம்," என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். "போன வருஷம் நீங்கதானே அக்கா கேட்டீங்க? அண்ணன் கடைசியா இறங்கேக்க அதைத்தான் சொன்னார். தங்கச்சி கேட்டவள், வெறுங்கையோட போகேலாது எண்டு."

அடுத்த சனிக்கிழமை காலை ஓட்டோ ஒன்றை அனுப்பி அண்ணாவை இரத்மலானைக்கு வரச்செய்தேன். விபத்துக்குப் பிறகு அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. ஊன்றுகோலோடு தொட்டிகளுக்கிடையில் மெல்ல நடந்தார். பொதி செய்கிற பெண்கள் எழுந்து நின்றார்கள். மூலைத் தொட்டிக்கு முன்னால் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்தேன்.

"இது நீங்க கடைசியா எடுத்தது," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். பூ அப்போது நல்ல தேயிலைச் சாயத்துக்கு வந்திருந்தது. சட்டைக் கையை மடித்து, விரலைத் தண்ணீருக்குள் விட்டார். பூ பிடித்துக்கொண்டது.

"ஒட்டுது," என்றார்.

இதற்கு மேல் தள்ளிப்போட்டால் செத்தாலும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வெள்ளை நோய் என்று எனக்கு முன்பே தெரியும். உத்தியோகத்தர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தெரிந்துகொண்டுதான் விடாதீங்க என்று சொன்னேன். உங்களை அனுப்பினது நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நிறம் திரும்புது என்று சொன்னதும் பொய். சொல்லச் சொல்ல அழுகை வந்து வார்த்தைகளைத் தின்றது.

அண்ணா விரலை எடுக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். "சுகமில்லாதது எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்," என்றார்.

"எப்பிடி?"

"கையில ஒட்டேல்ல தானே. இருபத்தஞ்சு வருஷமாத் தொட்டுப் பார்க்கிறன். ஒட்டாதது பிழைக்காது."

"பிறகேன் எடுத்தீங்க? ஏன் அவ்வளவு ஆழத்துக்குப் போனீங்க?"

அவர் விரலை மெல்ல விடுவித்து, சாரத்தில் துடைத்துக்கொண்டார். "நீ அண்டைக்கு எப்பிடிச் சிரிச்சாய் எண்டு உனக்குத் தெரியாது," என்றார். "சின்னதில சிரிச்ச மாதிரி. திரும்ப ஒருக்காப் பார்ப்பம் எண்டுதான்."

குளிரூட்டி ஒருமுறை நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

"இப்ப உண்மையைச் சொல்லு," என்றார் அண்ணா. "இந்த வருஷம் கடல் எப்பிடியாம்?"

"வெளுக்கத் தொடங்கிட்டுதாம்," என்றேன்.